கோல்கீப்பருக்கு மெத்தைக்கடையிலிருந்து

மார்ச் 2

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, மாமா எழுதிக்கொள்வது.

இங்கே எல்லாரும் சுகம். உங்கள் சுகத்தை டிவியில் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்றால், மாற்று ஆளாகப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரை அந்தக் கேமராக்காரன் எங்கே காட்டுகிறான்? நேற்று நடந்த முதல் ஹாக்கி மேட்சில் யாரோ ஒருவர் தண்ணீர் குடிக்கும்போது அவர் தோளுக்குப் பின்னால் ஒரு காது தெரிந்தது. "அது எம் புருஷன் காதுதாம்ப்பா" என்று பாப்பா கத்தினாள். "சும்மா இரு, அவரு காது இவ்வளவு பெருசு கிடையாது" என்றாள் உங்கள் அத்தை. மேட்ச் முடிகிறவரை இரண்டு பேரும் காதைப் பற்றியே சண்டை. நம் அணி ஜெயித்ததை நான்தான் அவர்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

போட்டி முடிகிறவரை போன் கிடையாது என்று கோச் எல்லார் போனையும் வாங்கிப் பெட்டியில் பூட்டிவிட்டாராமே. முதலில் எனக்குக் கோபம் வந்தது. பிறகு நினைத்துப் பார்த்தேன். கடையில் விற்பனை ஆட்களின் போனை நானும் காலையில் வாங்கி வைத்துவிடுகிறேன். மனுஷன் தொழில் தெரிந்தவர்தான். ஆனால் கடிதம் எழுதக் கூடாது என்று அவர் சொல்லவில்லையே! நாம் ரெக்சின் வாங்குகிற கம்பெனி நீங்கள் இருக்கும் ஊரில்தான் இருக்கிறது. அவர்கள் தபால் பை ஒருநாள் விட்டு ஒருநாள் விமானத்தில் வந்து போகிறது. அதில் இதைப் போட்டிருக்கிறேன். கம்பெனி ஆள் உங்கள் ஹோட்டலில் கொடுத்துவிட்டு, பதில் இருந்தால் வாங்கிக்கொண்டு போவார்.

இனி ஒரு சந்தோஷச் செய்தி. கால் பேடில் வார் பிய்ந்துவிட்டது, தைக்கக் கொடு என்று கிளம்புவதற்கு முன் பாப்பாவிடம் கொடுத்தீர்கள் அல்லவா? நம் தையல் மேஸ்திரி ஓரத்தைப் பிரித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். உள்ளே இருந்தது ஃபோமா அது? செங்கல். விரலால் அழுத்தினால் விரல்தான் வலிக்கிறது. மெத்தைக்கடைக்காரன் வீட்டு மாப்பிள்ளை இப்படி ஒரு சரக்கைக் காலில் கட்டிக்கொண்டு உலகப் போட்டியில் நிற்பதா? நாலு பேர் பார்த்தால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்? அதைத் தூக்கிக் கழிவுக்காரரிடம் போட்டுவிட்டு, முதல் தர மெத்தைக்கு வைக்கிற ஃபோமை இரண்டு பேடுக்கும் வெட்டி வைத்துத் தைக்கச் சொன்னேன். அதன்மேல் மேஸ்திரி ஒரு முட்டையை உயரத்திலிருந்து போட்டுக் காட்டினார். உடையவில்லை. எவ்வளவு வேகமாகப் பந்து வந்தாலும் இனி உங்களுக்கு வலிக்காது. பாப்பாவிடம்கூடச் சொல்லாமல் உங்கள் பெட்டியில் வைத்து அனுப்பினேன். மாப்பிள்ளையே கட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று இருந்தேன். மனசு கேட்கவில்லை, எழுதிவிட்டேன்.

புதுக் கடைக்குச் சாவி இந்த மாத நடுவில் கைக்கு வருகிறது. பேருந்து நிலையத்துக்கு நேர் எதிரே, இரண்டு பக்கமும் கண்ணாடி. அதை நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டபோதெல்லாம் சிரித்தீர்கள். வியாபாரத்தில் சிரிப்பு என்றால் பாதி சம்மதம். மீதிப் பாதியை இந்தக் கடிதத்துக்குப் பதிலாக எழுதிவிடுங்கள். ஆறு வருஷம் பெஞ்சில் உட்கார்ந்தது போதும். என் கடையில் நல்ல நாற்காலி இருக்கிறது.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

அன்புடன்,
மாமா


மார்ச் 6

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் நேற்று மாலை கிடைத்தது. அத்தைக்கும் என் வணக்கத்தைச் சொல்லவும். டிவியில் தெரிந்தது என் காதுதான்.

நேற்றைய மேட்சைப் பார்த்திருப்பீர்கள். எங்கள் முதல் கோல்கீப்பருக்குத் தொடைச் சதை பிடித்துக்கொண்டது. கோச் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், போனேன். இரண்டுக்கு ஒன்று என்று நாங்கள் முன்னால் இருந்தோம். முடிகிற நேரத்தில் வலது பக்கமிருந்து ஓர் அடி வந்தது. இடது காலை வைத்துத் தடுத்தேன். பந்து என் முன்னாலேயே நின்றுவிட்டது. அவர்கள் ஆள் வந்து அதைக் கோலுக்குள் தள்ளிவிட்டுப் போனார். என் கால் சரியாகப் போகவில்லை என்று நினைக்கிறேன். ஆடாமல் இருந்து பழக்கம் விட்டுப்போயிருக்கும்.

அந்த மேட்சை ஜெயித்திருந்தால் எங்கள் பிரிவில் முதலிடம் வந்து நேராகக் காலிறுதிக்குப் போயிருப்போம். சமநிலை ஆனதால் இரண்டாம் இடம். இப்போது பத்தாம் தேதி இன்னொரு மேட்ச் ஆடி ஜெயித்தால்தான் காலிறுதி. தோற்றால் பெட்டி கட்ட வேண்டியதுதான். முதல் கோல்கீப்பர் என் அறையில்தான் இருக்கிறார், காலில் ஐஸ் கட்டிக்கொண்டு படுத்திருக்கிறார். அதனால் அன்றைக்கும் நான்தான் நிற்க வேண்டும்.

தாங்கள் சிரமப்பட்டுச் செய்துகொடுத்த பேடுக்கு மிக்க நன்றி. மிகவும் மெத்தென்று இருக்கிறது.

கடை விஷயம் தங்கள் விருப்பம்போல் செய்யலாம்.

தங்கள் மகளுக்குத் தனியே எழுதி இதே உறையில் வைத்திருக்கிறேன்.

பணிவுடன்,
மாப்பிள்ளை


மார்ச் 8

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அந்த மேட்சை நாங்கள் கடையில்தான் பார்த்தோம். கண்ணாடி ஓரத்தில் இருக்கும் டிவியைத் திருப்பி வைத்து, காட்சிக்குப் போட்டிருந்த மெத்தைகளில் ஊரே உட்கார்ந்திருந்தது. நீங்கள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஓடிவந்தபோது உங்கள் அத்தை கைதட்டிக் கைதட்டி வளையலை உடைத்துக்கொண்டாள். அப்புறம் அந்தக் கோல் விழுந்தது. மெத்தை வாங்க வந்து ஒரு மணி நேரமாகப் படுத்தே கிடந்த ஒருவர், "யாருய்யா இந்தக் கீப்பரு? பந்தைக் காலால தொட்டுட்டு வேடிக்கை பாக்குறான்!" என்றார். எனக்கு முன்னால் பாப்பா திரும்பிவிட்டாள். "அண்ணே, நீங்க மெத்தை வாங்க வந்தீங்களா, தூங்க வந்தீங்களா?" அவர் எழுந்து செருப்பைத் தேடினார். ஒரு வியாபாரம் போச்சு. போகட்டும்.

இன்றைக்குக் காலையில் உங்கள் கடிதம் வந்தது. "மிகவும் மெத்தென்று இருக்கிறது." இந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். தெருத்தெருவாகத் தலையணை சுமந்து விற்று, பிறகு கடை வைத்து மேலே வந்தவன் நான். எனக்குத் தெரிந்த படிப்பு வாடிக்கையாளர் முகம் ஒன்றுதான். குறை சொல்கிறவர் திரும்ப வருவார். "இங்க குத்துது, அங்க பள்ளமா இருக்கு" என்று சத்தம் போடுகிறவரை நான் உட்காரவைத்துக் காப்பி வாங்கிக் கொடுப்பேன். "ரொம்ப நல்லாருக்குங்க" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நடையைக் கட்டுகிறாரே, அவர் அடுத்த தெருக் கடைக்குப் போகிறார் என்று அர்த்தம். உங்கள் வரியைப் படித்தபோது அந்த ஆள் செருப்பு மாட்டுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

பாப்பாவின் அலமாரியில் உங்கள் பந்து ஒன்று கிடந்தது. எடுத்துக்கொண்டு கிடங்குக்குப் போனேன். செருப்புக்கு அடிப்பாகம் செய்கிறவரிடம் கெட்டியான ஷீட் ஒரு துண்டு வாங்கிச் சுவரில் சாய்த்து, பக்கத்தில் நம் முதல் தர ஃபோமையும் வைத்தேன். மேஸ்திரியை ஓங்கி எறியச் சொன்னேன். கெட்டி ஷீட்டில் பட்ட பந்து திரும்பி வந்து விளக்கை உடைத்துவிட்டு வாசல்வரை போனது. நம் ஃபோமில் பட்டது, சம்பந்தி வீட்டில் விருந்து சாப்பிட்ட ஆள் மாதிரி அங்கேயே உட்கார்ந்துவிட்டது. மறுபடி எறிந்தார். மறுபடியும் உட்கார்ந்தது. மேஸ்திரி என் முகத்தைப் பார்க்காமல் வெளியே போய்விட்டார்.

வருகிற பாரத்தை வாங்கி உள்ளே வைத்துக்கொள்வது என் சரக்கின் குணம். அதற்குத்தான் எனக்குக் காசு கொடுக்கிறார்கள். உங்கள் காலில் இருப்பது பந்தைத் திருப்பித் துரத்த வேண்டும். இது எனக்குத் தோன்றவே இல்லை. உங்களுக்கு வலிக்கக் கூடாது என்பது மட்டும்தான் என் புத்தியில் இருந்தது. ஆக, உலகப் போட்டியில் நானும் ஒரு கோல் அடித்துவிட்டேன், எதிரணிக்கு. வீட்டில் வந்து சொன்னேன். "விருந்துக்கு வந்தவரு காலைக் கட்டிப்போட்ட மாதிரி பண்ணிட்டீங்களே" என்று உங்கள் அத்தை தலையில் கை வைத்துக்கொண்டாள். பாப்பா பந்தை என் கையிலிருந்து பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். அது இன்னும் மோசம்.

முதல் வேலையாக அதைக் கழற்றிப் போடுங்கள். பயிற்சிக்கு வைத்திருக்கும் பழையது இருக்குமே, அதைக் கட்டுங்கள். கோச்சிடம் போய், என் மாமனார் ஒரு மடையன், அவன் செய்த வேலை இது என்று சொல்லுங்கள். என் கௌரவத்தைப் பார்க்க வேண்டாம். அது எப்படியும் தேறிவிடும்.

இன்னொன்று. கல்யாணமான நாளிலிருந்து நீங்கள் என்னிடம் ஒரு குறை சொன்னதில்லை. என் மாப்பிள்ளை மாதிரி உண்டா என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன். இப்போது கொஞ்சம் பயமாக இருக்கிறது. இன்னும் எதையெல்லாம் மெத்தென்று இருக்கிறது என்று விழுங்கி வைத்திருக்கிறீர்களோ? ஒரே ஒரு தடவை வாய்விட்டுத் திட்டி எழுதுங்கள் மாப்பிள்ளை. மரியாதையை மடித்து வைத்துவிட்டு எழுதுங்கள். கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
மாமா


மார்ச் 13

அன்புள்ள மாமா,

கேட்டீர்கள், தருகிறேன். உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

பந்து என் காலில் பட்டபோது சத்தமே வரவில்லை. டப் என்று ஒரு சத்தம் வர வேண்டும், பந்து பக்கவாட்டில் பத்தடி போக வேண்டும். அதை நம்பித்தான் நான் அடுத்த பக்கம் திரும்புவேன். திரும்பினேன். பந்து என் கால் விரலுக்கு முன்னால் படுத்திருந்தது. ஆறு வருஷம் காத்திருந்து கிடைத்த இடம் மாமா அது. எல்லா நாட்டுக்காரர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தைக்கத்தானே கொடுத்தேன்? பிரித்ததும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? அப்போது என் போன் என் கையில்தானே இருந்தது? உங்களுக்கு யாரிடமும் கேட்கிற பழக்கமே கிடையாது. நல்லது என்று உங்களுக்குத் தோன்றிவிட்டால், அது எங்களுக்கும் நல்லதுதான் என்று நீங்களே முடிவுகட்டிவிடுவீர்கள்.

அன்று சாயங்காலம்தான் உங்கள் கடிதம் வந்தது. படித்தேன். பேடைத் தரையில் போட்டு ஏறி மிதித்தேன். ஐஸ் கட்டிப் படுத்திருந்த முதல் கோல்கீப்பர், "யாரைடா மிதிக்கிறே?" என்று கேட்டார். "மாமனாரை" என்றேன். மிதித்து முடித்துவிட்டு உட்கார்ந்து, "மிக்க நன்றி, மிகவும் மெத்தென்று இருக்கிறது" என்று எழுதினேன். நம் குடும்பத்து வழக்கம் அப்படித்தானே இருக்கிறது?

கோச்சிடம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "உன் சாமானை நீ ஒரு தடவை போட்டுப் பாக்காம களத்துல இறங்கினது யாரு தப்பு?" என்றார். அதுவும் உண்மை. நல்ல பேடு அழுக்காகக் கூடாது என்று பயிற்சியில் பழையதையே கட்டினேன். புதுச் சேலையைப் பெட்டியிலேயே வைத்துக்கொண்டிருக்கிற மாதிரி. பாதித் திட்டை நான் எடுத்துக்கொள்கிறேன்.

பத்தாம் தேதி பழைய பேடோடு நின்றேன். உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே மாற்றிவிட்டேன், கவலை வேண்டாம். மேட்ச் சமநிலை. அப்புறம் ஷூட் அவுட். ஓர் ஆள் பந்தோடு தனியாக என்னை நோக்கி ஓடி வருவார், எட்டு நொடிக்குள் அவர் கோல் போட வேண்டும். கடைசியாக வந்தவர் இடது, வலது என்று ஆட்டம் காட்டினார். நான் விழவில்லை. அவர் போகிற பக்கமெல்லாம் கடன்காரன் மாதிரி கூடவே போனேன். மணி அடித்துவிட்டது. எங்கள் ஆட்கள் என்மேல் வந்து விழுந்தபோது மூச்சு முட்டியது. நேற்று காலிறுதியில் தோற்றுவிட்டோம், மூன்றுக்கு ஒன்று. இரண்டு கோலை யாராலும் தடுத்திருக்க முடியாது. மூன்றாவது என் தப்பு. அதை உங்கள் ஃபோம்மேல் போட முடியாது.

மீதித் திட்டு இருக்கிறது.

வீட்டுக்கு யார் வந்தாலும், "மாப்பிள்ளை இப்ப ஹாக்கி ஆடிட்டிருக்காரு, கூடிய சீக்கிரம் கடைக்கு வந்துடுவாரு" என்கிறீர்கள். காய்ச்சலில் கிடக்கிறவன் தேறிவிடுவான் என்று சொல்கிற மாதிரி இருக்கிறது. எனக்கு ஒரு நோயும் இல்லை மாமா. என் வேலை இதுதான். கூப்பிடுகிறவரை ஆடுவேன். பெஞ்சில் உட்காரச் சொன்னாலும் உட்காருவேன். அங்கே உட்கார்ந்திருக்கிறவனும் மேட்ச் முழுக்க ஆடிக்கொண்டுதான் இருக்கிறான். அதற்குப் பிறகு கோல்கீப்பர்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போகிறேன். இங்கே ஒருவரிடம் பேசியும் வைத்திருக்கிறேன்.

கடை எனக்கு வேண்டாம். நான் சிரித்தது சம்மதத்தில் இல்லை, இல்லை என்று சொல்ல வாய் வராமல். என்னை அங்கே உட்காரவைத்தால் முதல் ஆள் விலையைக் குறை என்றதும் குறைப்பேன், இரண்டாவது ஆளுக்குச் சும்மாவே தூக்கிக் கொடுத்துவிடுவேன். ஆறு மாதத்தில் அந்தக் கண்ணாடியெல்லாம் அடுத்தவன் கண்ணாடி.

ஆஸ்பத்திரி மெத்தை ஆர்டர் ஞாபகம் இருக்கிறதா? கைகுலுக்கியது நீங்கள். முந்தின நாள் உட்கார்ந்து என்ன விலை சொன்னால் அவர்கள் மறுபடியும் நம்மிடமே வருவார்கள் என்று கணக்குப் பார்த்தது யார்? மேஸ்திரிக்கு உங்கள்மேல் கோபம் வந்தால் யாரிடம் போய்ப் பேசுகிறார்? அந்தப் பேருந்து நிலையக் கடைக்கு எந்தப் பக்கம் வெயில் அடிக்கும், எந்தப் பக்கம் சரக்கு வெளுக்கும் என்று அவள் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள், தெரியுமா? நீங்களாகக் கேட்க வேண்டும் என்று காத்திருக்கிறாள். அவளாகக் கேட்க மாட்டாள். உங்கள் மகள் அல்லவா! உங்களிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். மீறிவிட்டேன்.

இவ்வளவு எழுதிவிட்டு இதை அனுப்புவதா, கிழிப்பதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். கம்பெனி ஆள் கீழே வந்து நிற்கிறார். கொடுத்துவிடுகிறேன்.

எல்லா மேட்சும் முடிந்த பிறகுதான் அணி கிளம்பும். பதினெட்டாம் தேதி மதியம் விமானம் வந்து இறங்கும்.

அன்புடன்,
உங்கள் மாப்பிள்ளை


மார்ச் 15

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

திட்டுங்கள் என்றால் இவ்வளவா?

நேற்று காலையில் படித்ததிலிருந்து வியாபாரத்தில் மனம் ஒட்டவில்லை. கடையில் வந்தவர்கள் கேட்ட விலைக்குக் கொடுத்து அனுப்பினேன். மேஸ்திரி பயந்துபோய் வீட்டுக்கு ஆள் அனுப்பினார். உங்கள் அத்தை என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தாள். "நான் சொல்லணும்னு நெனச்சதெல்லாம் வரிசையா எழுதியிருக்காரே" என்றாள். முப்பது வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கும் மெத்தென்றுதான் இருந்திருக்கிறது போல!

வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். அந்தக் கடையில் நீங்கள் உட்கார்ந்திருப்பதாக மனசுக்குள் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டேன். நாற்காலிக்குத் துணிகூடத் தேர்ந்தெடுத்தாயிற்று. ஆனால் வராது என்று தெரிந்த வியாபாரத்தின் வாசலில் நிற்கிற பழக்கம் எனக்கு இல்லை. கிடங்கில் நல்ல சரக்கை வைத்துக்கொண்டு வெளியூரில் கொள்முதலுக்கு அலைகிறவர்களை நான் எவ்வளவு கேலி செய்திருப்பேன்! நேற்று சாயங்காலம் பாப்பாவிடம் போனேன். விலைச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"பாப்பா, புதுக் கடையை நீ பாத்துக்கிறியா?"

நிமிரவில்லை. "யாரு சொல்லிக் கேக்குறீங்க?"

"நானாத்தான் கேக்குறேன்."

"பொய்."

"சரி, உன் புருஷன் எழுதினாரு."

"கோலைக் காக்கத் தெரியுது, ஒரு ரகசியத்தைக் காக்கத் தெரியல அந்த மனுஷனுக்கு" என்றாள். கையில் இருந்த சீட்டைத் தலைகீழாக ஒட்டிவிட்டாள். அதைப் பிய்க்கவும் வரவில்லை அவளுக்கு. கண் நிறைந்திருந்தது. "இப்பத்தான் கேக்கத் தோணுச்சாப்பா?"

 சீட்டை வாங்கி நான் பிய்த்துக் கொடுத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்துப் பழைய பாப்பா வந்துவிட்டாள். "பாத்துக்கிறேன். ஆனா நீங்க வந்தா வாடிக்கைக்காரங்க மாதிரி வரணும். கல்லாப் பக்கம் வரக் கூடாது. 'இதை ஏன் இங்க வச்சே'ன்னு கேக்கக் கூடாது. வெயில் விழுற பக்கத்துக் கண்ணாடிக்குத் திரை வேணும், அது உங்க செலவு." எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். பேரம் பேசிப் பார்க்கலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அவள் நின்ற நிற்பைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அந்த நிற்பு என்னுடையது.

இன்று காலையில் அந்த ஷூட் அவுட்டை மறுபடி டிவியில் போட்டான். கடையில் இருந்த ஒருவரிடம், "இவரு என் மாப்பிள்ளை" என்றேன். "என்ன பண்றாரு?" என்று கேட்டார். "பாக்குறீங்கல்ல, கோல்கீப்பர்" என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன். கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் நிறுத்திவிட்டேன்.

பதினெட்டாம் தேதி விமான நிலையத்துக்கு எல்லாரும் வருவதாகத்தான் இருந்தது. அன்றைக்குத்தான் புதுக் கடைக்குத் தச்சர் வருகிறாராம். "அப்பா, அவரை நீங்க போய்க் கூட்டிட்டு வந்துடுங்க, எனக்கு வேலை இருக்கு" என்கிறாள் உங்கள் மனைவி. அளவு நாடாவைப் பிடிக்க அத்தையும் அவளோடு போகிறாள். ஆக நான் ஒருவன்தான் வருகிறேன். அங்கிருந்து வீடு வந்து சேர வண்டியில் இரண்டு மணி நேரம் ஆகும். நீங்களும் நானும் இதுவரை "வாங்க மாப்பிள்ளை", "வரேன் மாமா" என்பதைத் தாண்டித் தனியாக உட்கார்ந்து பேசியதே இல்லை.  எதையாவது யோசித்து வைத்துக்கொண்டு வாருங்கள். நானும் யோசிக்கிறேன். ஒன்றும் தோன்றாவிட்டால் அந்த மூன்றாவது கோல் எப்படி விழுந்தது என்று சொல்லுங்கள். நான் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
மாமா